முத்துக் குளித்த கரையில் ஒரு பல்லி

மன்னார்ப் பக்கம் இரவில் விறாந்தையில் இருந்து கதைத்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். ரியூப் லைற்றைச் சுற்றி ஈசலும் அந்துப்பூச்சியும். அதைச் சுற்றி நாலைந்து பல்லி. யாராவது முக்கியமான ஒரு கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது சுவரில் இருந்து சத்தம் வந்தால், அம்மம்மா கதிரைக் கையில் விரலால் தட்டி "பாத்தியே, பல்லி சொல்லுது" என்பா. அதோடு அந்தக் கதை உண்மையாகிவிடும்.

இந்தக் கட்டுரை அந்தப் பல்லியைப் பற்றியது இல்லை. எங்களில் அநேகமாக யாரும் பார்த்திராத இன்னொரு பல்லியைப் பற்றியது. அது சுவருக்கு வராது, லைற்றைத் தேடாது. நிலத்தில் வாழ்கிறது, இரவில் மட்டும் வெளியே வருகிறது. விஞ்ஞானப் பெயர் ஹெமிடக்டைலஸ் ஸ்கேப்ரிசெப்ஸ். ஆங்கிலத்தில் இதற்கு இருக்கிற வழக்குப் பெயரைத் தமிழாக்கினால் 'செதில் பல்லி' எண்டு வரும். இந்தக் கட்டுரையில் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

நான் விலங்கியல் படிக்கவில்லை, கலைப்பீடம். வரலாற்று மாணவருக்குப் பல்லியோடு என்ன வேலை எண்டு கேட்கலாம். இந்தப் பல்லியின் பெயரோடு வருகிற ஊர்ப் பெயர்கள்தான் காரணம். இது முதன்முதலில் விவரிக்கப்பட்டது இராமநாதபுரத்தில் இருந்து. இலங்கையின் ஊர்வன பற்றிய நூல்களில் இதற்கு நேரே எழுதப்பட்டிருக்கும் இடம், மன்னார் மாவட்டத்தின் தெற்குக் கரையில் இருக்கிற மறிச்சுக்கட்டி. மன்னார் வளைகுடாவின் இந்தக் கரையும் அந்தக் கரையும். இந்த இரண்டு ஊர்ப் பெயர்களையும் ஒன்றாகப் பார்த்தபோது, இது பல்லியின் வரலாறு மட்டும் இல்லை எண்டு எனக்குப் பட்டது.

இது என்ன பல்லி?

முதலில் பல்லியையே பார்ப்போம். ஹெமிடக்டைலஸ் என்ற பேரினத்தில்தான் எங்கட வீட்டுப் பல்லிகளும் இருக்கின்றன. 'அரை விரல்' எண்டு அதற்குப் பொருள். பல்லியின் விரலுக்கு அடியில் இருக்கிற மடிப்புகள் நடுவில் பிளந்து இரண்டு வரிசையாக இருப்பதால் வந்த பெயர். அந்த மடிப்புகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இருக்கின்றன. தென்கிழக்காசியாவின் ரொக்கே பல்லியின் ஒரு பாதத்தில் சுமார் 5 இலட்சம் இருக்கும் எண்டு கணக்கிட்டிருக்கிறார்கள். பல்லி சுவரில் ஒட்டுவது பசையாலும் இல்லை, உறிஞ்சுவதாலும் இல்லை. அந்த மயிர்களின் நுனிக்கும் சுவரின் மேற்பரப்புக்கும் இடையே மூலக்கூறு அளவில் இருக்கிற மெல்லிய ஈர்ப்பால்தான் ஒட்டுகிறது. 2000-களின் தொடக்கத்தில் இதைப் பரிசோதனையில் காட்டினார்கள்.

கண்ணும் ஒரு கதைதான். பெரும்பாலான பல்லிகளைப் போல இதற்கும் இமை கிடையாது. கண்ணை மூடியிருப்பது கண்ணாடி போன்ற ஒரு படலம். தூசு பட்டால் நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும். பல்லிகளின் தொலைதூர மூதாதையர் பகலில் வாழ்ந்தவை. பகல் வாழ்க்கைக்கான கண்ணோடு இரவுக்குப் போன கூட்டம் இது. அதனால் பல்லியின் விழித்திரை வித்தியாசமானது. சுவீடனில் லீனா ரோத், அல்முட் கெல்பர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2004-ல் ஒரு பாலைவனப் பல்லியைப் பழக்கிப் பார்த்தார்கள். மங்கலான நிலவொளி அளவு வெளிச்சத்தில் மனிதருக்கு எல்லாம் சாம்பலாகத் தெரியும். பல்லியோ நிறத்தைப் பிரித்தறிந்தது. நாங்கள் இருட்டு எண்டு சொல்கிற இடத்தில் அதற்கு நிறம் இருக்கிறது.

செதில் பல்லியைத் தனியாகக் காட்டுவது அதன் தோல். வீட்டுப் பல்லியின் முதுகை உற்றுப் பார்த்தால் மணல் தூவியது போலச் சிறு மணிகளாக இருக்கும். சில இனங்களில் இடையிடையே முள்போலத் துருத்திக்கொண்டிருக்கும். செதில் பல்லியின் முதுகு அப்படி இல்லை. மீன் செதிலைப் போல, ஓட்டுக் கூரையைப் போல, ஒன்றின்மேல் ஒன்று ஏறிய செதில்கள். ஒரு பல்லிக்கு இப்படித் தோல் இருப்பது அபூர்வம். 'ஸ்கேப்ரிசெப்ஸ்' என்ற இரண்டாவது பெயருக்குச் 'சொரசொரப்பான தலை' எண்டு பொருள். வறண்ட தாழ்நிலத்தில், தரையில் வாழ்கிற சிறிய பல்லி. பூச்சி தின்னும். இந்தப் பேரினத்தின் மற்றப் பல்லிகளைப் போலக் கெட்டியான ஓடுள்ள இரண்டு முட்டை இடும்.

1906, இராமநாதபுரம்

இதை விவரித்தவர் நெல்சன் அனன்டேல். 1876-ல் எடின்பரோவில் பிறந்தவர். 1904-ல் கல்கத்தாவின் இந்தியன் மியூசியத்தில் வேலைக்கு வந்தார். 1916-ல் இந்திய விலங்கியல் ஆய்வகம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர். கல்கத்தாவுக்கு வர முதல் அவர் மலாயாவில் விலங்குகளையும் சேகரித்தார், மனிதர்களைப் பற்றிய மானிடவியல் தரவுகளையும் சேகரித்தார். அந்தப் பயணத்தில் இருந்து வந்த பதிப்பில் இரண்டும் சேர்ந்துதான் வந்தன. அந்தக் காலத்து விஞ்ஞானத்துக்கு அது விசித்திரமே இல்லை. குடியேற்ற நாட்டின் பல்லியும் மனிதரும் ஒரே குறிப்பேட்டில் பதியப்பட்டார்கள்.

1906-ல் வங்காள ஆசியச் சங்கத்தின் வெளியீட்டில் அனன்டேல் ஒரு கட்டுரை எழுதினார். தென்னிந்தியாவின் ஒரு பாலைவன நிலப்பகுதியின் விலங்குகள் பற்றிய குறிப்புகள் என்பது அதன் தலைப்பு. அந்தப் 'பாலைவன நிலப்பகுதி' எது தெரியுமா? இராமநாதபுரம். வடமேற்கு எல்லைப்புறத்துப் பாலைநிலத்தின் ஊர்வனவோடு ஒப்பிட்ட குறிப்புகளும் அதே கட்டுரையில் உண்டு. அங்கேதான் செதில் பல்லிக்குப் பெயர் வைத்தார். ஆனால் அவர் அதை ஹெமிடக்டைலஸ் எண்டு சொல்லவில்லை, தெரட்டோலெபிஸ் என்ற வேறொரு பேரினத்தில் வைத்தார். 'விந்தைச் செதில்' எண்டு அதற்குப் பொருள் சொல்லலாம். அந்தப் பேரினத்தில் ஏற்கெனவே இருந்தது சிந்துப் பக்கத்துப் பல்லி ஒன்று. அதற்கும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய செதில்கள்.

கிடைத்த சான்றை வைத்துப் பார்த்தால் அனன்டேலின் முடிவு பிழை இல்லை. இரண்டுக்கும் ஒரே மாதிரித் தோல், ஒரே மாதிரி வறண்ட நிலம். ஆகவே ஒரே குடும்பம்.

எனக்கு உறுத்துகிறது 'பாலைவனம்' என்ற சொல்தான். இராமநாதபுரம் வறண்டதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது கண்மாய்களின் நாடு. பெய்கிற மழையை ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகத் தேக்கி நெல் விளைவித்த சனம் வாழ்ந்த நிலம். மன்னாரும் அப்படித்தான். வருசத்தில் மழை முக்கியமாக ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான். மிச்ச மாதங்களில் வெயிலும் சோளகக் காற்றும். ஆனாலும் கட்டுக்கரைக் குளம் இருக்கிறது. அதை நம்பி வயல் இருக்கிறது. பாலைவனம் என்ற சொல்லுக்குள் இந்தக் கண்மாயும் குளமும் அடங்காது.

எங்கட இலக்கியத்திலும் 'பாலை' இருக்கிறது. ஆனால் அது வேறு மாதிரி. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால் பாலை எண்டு சிலப்பதிகாரம் விளக்குகிறது. அதாவது பாலை நிரந்தரமான வெறுமை இல்லை, நிலத்தின் ஒரு நிலைமை, ஒரு பருவம். சங்கப் பாடல்களில் பிரிந்து போனவருக்காகக் காத்திருக்கிற பெண் நிமித்தம் கேட்பதும் பல்லியின் குரலில்தான். அம்மம்மா கதிரையில் தட்டுகிறதற்கு இரண்டாயிரம் வருசப் பழக்கம் இருக்கிறது எண்டு நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் சிலிர்ப்பும் வரும். இன்னொரு தகவல்: மன்னார், முசலிப் பக்கத்துக் காட்டின் முக்கியமான மரங்களில் ஒன்றுக்கே பெயர் பாலை. பாலைப்பழம் தின்னாமல் வளர்ந்த பிள்ளைகள் அங்கே குறைவு. மறிச்சுக்கட்டிக்குப் பக்கத்து ஊர் பாலைக்குளி. எங்கட பாலையில் பழம் இருக்கிறது.

அதே 1906, மறிச்சுக்கட்டி

இப்போது கடலைத் தாண்டுவோம். அனன்டேலின் கட்டுரை வந்த அதே வருசம் மறிச்சுக்கட்டியில் என்ன நடந்துகொண்டிருந்தது?

முத்துக் குளிப்பு. வாடைக்கும் சோளகத்துக்கும் இடையில் கடல் அடங்கிக் கிடக்கிற மாசி, பங்குனி மாதங்களில் அரசாங்கம் முத்துக் குளிப்பை அறிவிக்கும். ஆளில்லாத மணற்கரையில் கம்பும் ஓலையும் கொண்டு ஒரு பட்டினம் எழும்பும். சுழியோடிகள், சம்மாட்டிமார், வியாபாரிகள், பொலிஸ், நீதிமன்றம், ஆஸ்பத்திரி, கடைத்தெரு எண்டு பல பத்தாயிரம் பேர் அங்கே கூடுவார்கள். அரபுக் கரையில் இருந்து சுழியோடிகள் வந்தார்கள். கீழக்கரையில் இருந்தும் வந்தார்கள். கீழக்கரை இருப்பது இராமநாதபுரக் கரையில். பல்லியின் இரண்டு ஊர்களையும் இணைத்த பாதை அப்போது ஒவ்வொரு முத்துக் குளிப்புக்கும் ஆட்கள் போய்வந்த பாதை.

1905-ன் முத்துக் குளிப்புத்தான் மிகப் பெரியது. 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை எடுத்தார்கள். 1906-ல் எடுத்தது சுமார் 6 கோடி 70 இலட்சம். சிப்பியைக் கரைக்குக் கொண்டுவந்து 'கொட்டு' என்ற பெரிய வேலியடைப்புக்குள் எண்ணிப் பிரிப்பார்கள். மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு சுழியோடிகளுக்கும் படகுக்கும். 1906-ல் அந்தக் கொட்டில் வேலை பார்த்த இளம் அதிகாரிகளில் ஒருவர் லெனார்ட் வூல்ஃப். யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை பார்த்தவர். பிற்காலத்தில் எழுத்தாளர் வெர்ஜீனியா வூல்ஃபின் கணவர். அந்த மறிச்சுக்கட்டி அனுபவத்தில் இருந்து ஒரு சிறுகதையும் எழுதினார். சிப்பி அழுகுகிற நாற்றத்துக்கு நடுவில் நின்று, வெள்ளைக்காரர் 'நாகரிகம்' பேசுவதைக் கேலி செய்கிற கதை அது.

விஞ்ஞானமும் வந்தது. எங்கே வந்தது என்பதைக் கவனியுங்கள். முத்துச் சிப்பி ஏன் சில வருசம் வருகிறது, சில வருசம் காணாமல் போகிறது எண்டு கண்டுபிடிக்க வில்லியம் ஹேர்ட்மன் என்ற பேராசிரியரை 1902-ல் இலங்கை அரசாங்கம் அழைத்தது. அவரோடு வந்தவர் ஜேம்ஸ் ஹோர்னெல். அந்த ஆய்வின் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக லண்டன் றோயல் சொசைட்டி ஊடாக வெளிவந்தது. மன்னார் வளைகுடாவின் கடற்பஞ்சு, பவளம், புழு, நண்டு எல்லாம் அதில் இருக்கின்றன. இன்றைக்கும் மதிப்புள்ள வேலை அது. ஆனால் கேள்வியைத் தொடக்கிவைத்தது வருமானம். சிப்பிக்கு ஐந்து பாகம் வந்த காலத்தில் கரையில் ஓடுகிற பல்லிக்கு ஒரு கட்டுரையில் சிறு பகுதி கிடைத்தது. அதுவும் அக்கரையில்.

இந்தக் கதையின் முடிவும் உங்களுக்குத் தெரிந்த மாதிரியானதுதான். 1906-ல் அரசாங்கம் முத்துப் பார்களை ஒரு தனியார் கம்பனிக்கு 20 வருசக் குத்தகைக்குக் கொடுத்தது. சில வருசத்திலேயே சிப்பி இல்லாமல் போனது. கம்பனியும் இல்லாமல் போனது. கம்பும் ஓலையும் பிடுங்கப்பட்டன. பட்டினம் இருந்த இடத்தில் மணலும் பற்றைக்காடும் மிச்சம். அதற்குள் ஊர் சிறியதாகத் தொடர்ந்தது.

சொந்தம் யார்?

அனன்டேல் செதிலை வைத்துச் சொன்ன சொந்தத்துக்கு என்ன நடந்தது? நூறு வருசத்துக்குப் பிறகு மரபணுவை வைத்துப் பார்த்தார்கள். 2008-ல் ஏரன் பவரும் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் சிலரும் சிந்துப் பல்லியின் மரபணுவைப் படித்துவிட்டு, தெரட்டோலெபிஸ் என்ற தனிப் பேரினமே தேவையில்லை எண்டு சொன்னார்கள். அந்த விந்தைச் செதில்காரனும் சாதாரண ஹெமிடக்டைலஸ்தான், இந்தியத் துணைக்கண்டத்துப் பல்லிக் கூட்டத்துக்குள்ளேயே வருகிறவன். 2010-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரோகிணி பன்சாலும் பிரவீன் கரந்தும் இன்னொரு படி போனார்கள். துணைக்கண்டத்தில் ஹெமிடக்டைலஸ் பல்லிகள் தனியாகக் கிளைத்துப் பெருகியிருக்கின்றன. ஆசியாவின் வீட்டுப் பல்லிகள் தோன்றியதே இங்கேதான் எண்டு காட்டினார்கள். இன்றைக்கு உலகம் முழுக்கச் சுவர்களில் ஓடுகிற பல்லியின் பூர்வீகம் எங்கட பக்கம்.

தோல் ஒரு மாதிரி இருப்பதால் மட்டும் சொந்தம் ஆகாது. ஒரே மாதிரி நிலத்தில் வாழ்வதாலும் ஆகாது. வெளியில் இருந்து பார்த்து 'இது பாலைவனச் சாதி' எண்டு வகுத்தது, உள்ளே பார்த்தபோது நிற்கவில்லை.

சரி, இந்தப் பல்லி எப்படி இரண்டு கரையிலும் இருக்கிறது? வீட்டுப் பல்லியாக இருந்தால் விடை சுகம். அது சாமானோடு போகும். ஓலைக்கட்டில், மூட்டையில், படகின் பலகை இடுக்கில். முட்டைக்குக் கெட்டியான ஓடு இருப்பதால் முட்டையாகவே பயணம் போகும். 1914-ல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியபோது எத்தனை பல்லி ரிக்கெற் இல்லாமல் போய்வந்திருக்கும்! 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை அந்தப் பாதை இருந்தது.

நிலத்துப் பல்லிக்கு இன்னும் பழைய பாதை ஒன்று இருந்தது. சுமார் 20,000 வருசத்துக்கு முதல், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீற்றர் அளவு கீழே இருந்தது. பாக்கு நீரிணை மிகவும் ஆழம் குறைந்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் இன்றைக்கும் மணல்திட்டுகள் தலை காட்டுகின்றன. அப்போது இது கடல் இல்லை, நிலம். வறண்ட புல்லும் பற்றையுமாக நடந்துபோகக்கூடிய நிலம். இராமநாதபுரமும் மறிச்சுக்கட்டியும் ஒரே கரைவெளியின் இரண்டு பக்கங்கள். பிறகு கடல் ஏறியது.

ஆனால் 'நிலம் இணைந்திருந்தது, அதனால் எல்லாம் ஒன்றுதான்' எண்டு அவசரப்படவும் ஏலாது. 2004-ல் ஃபிராங்கி பொசூய்ற் என்பவரின் தலைமையில் வந்த ஓர் ஆய்வு, நிலப்பாலம் பலமுறை இருந்தும் இலங்கையின் ஈரவலயத்துத் தவளை, நண்டு, மீன் முதலியவை இந்தியாவில் இருப்பவற்றில் இருந்து பெரிதும் பிரிந்தே வளர்ந்திருக்கின்றன எண்டு காட்டியது. மழைக்காட்டுத் தவளைக்கு மன்னாரின் வெயில் ஒரு மதில். வெயிலுக்குப் பழகிய பல்லிக்கு அதே இடம் பாதை. ஒரு நிலம் பாலமா மதிலா என்பது, யார் கடக்கிறார் என்பதில் இருக்கிறது.

இதை எழுதும்போது வேறு பயணங்களையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1980-களில் இருந்து பேசாலையில் இருந்தும் தலைமன்னாரில் இருந்தும் இரவில் படகேறி இராமேஸ்வரத்துக்குப் போனவர்கள், மண்டபம் முகாமில் பதியப்பட்டவர்கள். இன்றைக்கும் அக்கரையில் இருக்கிற எங்கட உறவுகள். அவர்களும் இரவில்தான் கடந்தார்கள்.

ஊரா, காடா?

இனித்தான் கஷ்டமான பகுதி.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். அதில் பெரும்பகுதி மன்னார் மாவட்டத்து மக்கள். எருக்கலம்பிட்டிச் சனம் படகில் கல்பிட்டிக்குப் போய் இறங்கியது. முசலிப் பக்கத்து மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி மக்களும் புத்தளம் பக்கம் போனார்கள். ஊர் வெறுமையானது. இருபது வருசத்தில் வளவுக்குள் பற்றை வந்தது, பற்றைக்குள் மரம் வந்தது.

2009-க்குப் பிறகு மக்கள் திரும்பி வந்தபோது பிரச்சினை தொடங்கியது. மறிச்சுக்கட்டி இருப்பது வில்பத்து தேசியப் பூங்காவின் வடக்கு எல்லையான மோதரகம் ஆற்றுக்குச் சற்று வடக்கே. 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதி வனமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2017-ல் அதையும் பக்கத்துக் காடுகளையும் சேர்த்து மாவில்லு என்ற பெயரில் காப்புக்காடாக்கினார்கள். தெற்கில் 'வில்பத்துவை வெட்டுகிறார்கள்' எண்டு பெரிய எதிர்ப்பு. இங்கே 'எங்கட உம்மா வாப்பா பிறந்த வளவு' எண்டு மறுமொழி. மீள்குடியேற்றத்துக்காகக் காடு வெட்டியது சட்டவிரோதம் எண்டு 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பும் சொன்னது.

சுற்றுச்சூழலில் அக்கறை இருக்கிற எங்களைப் போன்ற பெடியள் பெட்டையள் இந்த இடத்தில் தடுமாறுகிறோம். மரம் வளர்ந்தது உண்மை. வெட்டப்பட்டதும் உண்மை. அங்கே ஊர் இருந்ததும் உண்மை. ஊரை விட்டு அவர்கள் தாங்களாகப் போகவில்லை என்பதும் உண்மை. தமிழில் எழுதுகிற நாங்கள் அந்தக் கடைசி உண்மையைக் கொஞ்சம் விரைவாகவே தாண்டிப் போய்விடுகிறோம்.

இந்த வழக்குக்குச் செதில் பல்லியைச் சாட்சியாகக் கூப்பிடலாமா? 'அரிய உயிரினம் வாழும் இடம், ஆட்கள் வரக்கூடாது' எண்டு ஒரு பக்கம் சொல்லலாம். ஆனால் அதன் இருப்பிடமாக நூல்கள் சொல்வது பெயரில்லாத காடொன்றை இல்லை. சனம் பெயர் வைத்த ஊர் ஒன்றை. பல பத்தாயிரம் பேர் கூடிக் கலைந்த கரையை. அதற்காக 'பல்லி மனிசரோடு வாழும், ஆகவே எதையும் வெட்டலாம்' எண்டு மறுபக்கம் சொல்லவும் ஏலாது. நிலத்தில் வாழ்கிற சிறு பிராணிக்குக் கல்லும் சருகும் விழுந்த மரமும் வேண்டும். புல்டோசர் முதலில் எடுப்பது அதைத்தான். பல்லி யாருக்கும் எதிரான சாட்சி இல்லை. அங்கே ஊர் எந்த அளவு, காடு எந்த அளவு எண்டு நிதானமாக உட்கார்ந்து அளக்கவேண்டும், அதை அந்த ஊர்ச் சனத்தோடு சேர்ந்து அளக்கவேண்டும். வரைபடத்தை மட்டும் பார்த்துக் கோடு கீறினாலும் பிழைக்கும், கோடே வேண்டாம் எண்டாலும் பிழைக்கும்.

மன்னார்த் தீவிலும் இதே கேள்விதான் வேறு உடுப்பில் வருகிறது. 2020 டிசம்பரில் 30 காற்றாலைகளோடு 100 மெகாவாற் தம்பபவனி திட்டம் தீவின் தெற்குக் கரையில் தொடங்கியது. பிறகு மேலும் காற்றாலைகள், இல்மனைற் மணல் அகழ்வு எண்டு கதை வந்தது. 2025-ல் மன்னார்ச் சனம் வீதிக்கு இறங்கியது. இந்த விவாதங்களில் பறவைகளைப் பற்றிக் கதைக்கிறோம். நல்லது, கதைக்கத்தான் வேணும். வங்காலைச் சரணாலயத்துக்கு வருகிற வலசைப் பறவைகளுக்கு உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். மணலுக்குள் இருக்கிற பல்லிக்கு ஆட்கள் குறைவு. மணலைக் கனியமாக மட்டும் பார்க்கிற கண்ணும், இராமநாதபுரத்தைப் பாலைவனமாகப் பார்த்த கண்ணும் எனக்கு ஒன்றுக்கொன்று தூரமாகத் தெரியவில்லை. 'அங்க ஒண்டும் இல்லை' என்பதுதான் இரண்டிலும் முதல் வசனம்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

இதை வாசித்துவிட்டு ரோச் லைற்றோடு கிளம்புகிறவர்கள் இருந்தால் சந்தோசம். முதலில் உங்கட வளவிலேயே தொடங்குங்கோ. சுவரில் இருப்பவை எல்லாம் ஒரே பல்லி இல்லை. புள்ளிப் பல்லி ஒன்று இருக்கிறது. கொழும்பு அருங்காட்சியகத்தின் பணிப்பாளராக இருந்த பி. இ. பி. தெரணியகல 1953-ல் பெயர் வைத்தது. மரத்தில், பனையில் ஒட்டியிருக்கிற பெரிய மரப்பல்லி இன்னொன்று. புதுச்சேரியில் வேலை செய்த லெஷனோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளரின் பெயரில், இலங்கையில் இருந்து போன மாதிரியை வைத்து 1836-ல் விவரிக்கப்பட்டது. முதுகுத் தோலைப் பாருங்கோ. மணியா, முள்ளா, செதிலா? போனில் படம் எடுத்து, இடமும் நேரமும் எழுதி வையுங்கோ. பிடிக்க வேண்டாம். இலங்கையில் பெரும்பாலான ஊர்வன சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. புரட்டின கல்லைத் திரும்ப அதே இடத்தில் வையுங்கோ. அந்தக் கல்தான் அதன் வீடு. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போகவும் வேண்டாம்.

படத்தோடு ஊரின் பெயரையும் எழுதுங்கோ. 'வடமேல் இலங்கை, வறண்ட நிலம்' எண்டு எழுதாதேங்கோ. கொண்டச்சி, சிலாவத்துறை, அரிப்பு, தாழ்வுபாடு, எருக்கலம்பிட்டி எண்டு எழுதுங்கோ. 1906-ல் வந்த அந்தக் கட்டுரைக்குப் பிறகு இந்தப் பல்லியின் கதையில் ஊர்ப் பெயர்கள் மிகக் குறைவாகத்தான் சேர்ந்திருக்கின்றன. அடுத்த பெயரை ஒரு முசலிப் பிள்ளை எழுதினால் நல்லது. புத்தளத்தில் பிறந்து, இப்போது உம்மம்மாவின் வளவுக்குத் திரும்பி வந்திருக்கிற பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது.